நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு முடிவு, மேலே ஒரு முடிவு: பழைய லாக்கையும் பாலங்களையும் புதுப்பிக்க நான்கு வழிகள்

நூறு, நூற்றைம்பது வயதான கால்வாய் லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) ஒன்று யார் பொறுப்பில் வந்து சேர்ந்தாலும், அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். குழுவில் பாதிப் பேர், ‘மரக்கதவு, கையால் சுற்றும் சக்கரம், எல்லாம் அப்படியே இருக்கட்டும்’ என்பார்கள். மீதிப் பேர், ‘எஃகுக் கதவு போட்டு மோட்டார் வைத்துவிடுவோம், நம் காலத்துக்குத் தொல்லை இல்லை’ என்பார்கள். கூட்டம் மூன்று மணி நேரம் ஓடும். முடிவு மட்டும் வராது.

இரு தரப்பும் லாக்கை ஒரே பொருளாகப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. அங்கே இருப்பவை மூன்று: கல் சுவரும் தரையும் சேர்ந்த அறை, அதன் இரு முனையிலும் உள்ள கதவுகளும் ஷட்டர்களும், மேலே சாலையைத் தாங்கும், படகு வரும்போது திறக்கும் பாலங்கள். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் கெடுகின்றன, வெவ்வேறு ஆட்களுக்குப் பயன்படுகின்றன. மூன்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

லாக் வேலை செய்யும் விதத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உயரம் மாறுபடும் இரண்டு நீர்மட்டங்களுக்கு நடுவே கட்டிய தொட்டி அது. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, ஷட்டரைத் திறந்து மேல்நீரை விட்டால் படகு ஏறும். கீழே வடித்தால் இறங்கும். பெரும்பாலான பழைய லாக்குகளில் இரட்டைக் கதவுகள். மேல்நீர்ப் பக்கம் கூம்பி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து மூடும். தண்ணீர் தள்ளத் தள்ள மூட்டு இறுகும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் கால்வாய்களில் வந்த இந்த வடிவத்தை லியொனார்டோ டா வின்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இன்றைக்கு எஃகில் செய்தாலும் அதே வடிவம்தான்.

## முதலில் அளவுகோல்கள்

வழிகளைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் போதாது. எழுதும்போதுதான் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை என்பதே தெரியவரும்.

யார் பயன்படுத்துகிறார்கள்? ஆண்டுக்கு எத்தனை படகுகள், எந்த அளவு? பாலத்தின் மேல் நடந்து போகிறார்களா, கனரக வண்டிகள் போகின்றனவா? படகுக்காரருக்கும் சாலைக்காரருக்கும் தேவைகள் நேர் எதிராக இருக்கும்.

மதிப்பு எந்தப் பாகத்தில்? ‘பழமையானது’ என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது. கல் சுவர் 1830ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், கதவு நான்காவது முறையாக மாற்றியதாக இருக்கலாம், பாலத்தின் பல்சக்கரம் மட்டும் உலகத்தில் வேறெங்கும் இல்லாததாக இருக்கலாம்.

அடுத்த முறை எப்போது? இன்று போடும் பொருள் எத்தனை ஆண்டு தாங்கும், அதை மாற்ற லாக்கை மறுபடி காலி செய்ய வேண்டுமா?

யார் இயக்குவார், யார் பழுது பார்ப்பார்? தச்சர் இருக்கிறாரா, எலக்ட்ரீஷியன் இருக்கிறாரா, இரண்டு பேரும் இல்லையா?

திருப்பி எடுக்க முடியுமா? இன்று செய்யும் மாற்றத்தை முப்பது ஆண்டு கழித்து அடையாளம் தெரியாமல் கழற்ற முடிந்தால் தவறு செய்வதிலும் பெரிய ஆபத்து இல்லை. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனம், பழைய முறை போதாதபோது நவீன முறையைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதே நோக்கத்தில் 1979இல் ஆஸ்திரேலியாவில் வந்த பர்ரா சாசனம், தேவையான அளவுக்குச் செய், ஆனால் முடிந்த அளவு குறைவாகச் செய் என்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓயும்.

## எல்லாக் கணக்கையும் மாற்றும் செலவு

கதவின் விலை, மோட்டாரின் விலை என்று எல்லோரும் ஒப்பிடுவார்கள். பட்ஜெட்டை விழுங்குவது வேறு: தண்ணீரை வடிப்பது.

லாக்கை உலர வைக்க இரு முனையிலும் தடுப்பு வேண்டும். பழைய லாக்குகளின் சுவரில் இதற்காகவே செங்குத்தான பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றில் கனமான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கித் தண்ணீரை மறிப்பார்கள். பள்ளங்கள் சிதைந்திருந்தால் தற்காலிக அணை கட்ட வேண்டும், அது தனிச் செலவு. அப்புறம் பம்பு, வண்டல் வாருதல், மீன்களைப் பிடித்து வேறிடத்தில் விடுதல், மாதக்கணக்கில் படகுப் போக்குவரத்தை நிறுத்துதல்.

இதில் ஆபத்தும் உண்டு. நிறைந்திருக்கும்போது உள்ளேயிருக்கும் நீர்தான் இரு பக்கச் சுவர்களையும் தாங்கிப் பிடிக்கிறது. வடித்ததும் சுவருக்குப் பின்னால் உள்ள ஈர மண்ணும் நிலத்தடி நீரும் உள்நோக்கித் தள்ளும். தரைக்கு அடியிலும் அப்படியே: தரையின் அடிமட்டத்தைவிட நிலத்தடி நீர் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறதோ, ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் விசை மேல்நோக்கித் தள்ளும். நான்கு மீட்டர் என்றால் நான்கு டன். அரை மீட்டர் தடிமனுள்ள கல் தரையின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதல்தான். மிச்சத்தைத் தாங்குவதற்காகத்தான் பழைய கட்டுநர்கள் பல இடங்களில் தரையைத் தலைகீழ் வளைவாகக் கட்டினார்கள். வளைவு விரிசல் விட்டிருந்தால் ஒரே இரவில் தரை வெடித்து மேலே வரும். அடித்தளம் மண்ணுக்குள் அடித்து இறக்கிய மரக் கழிகளின் மேல் நின்றால் இன்னொரு தொல்லை. நீருக்குள்ளேயே இருக்கும் மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீரை இறைத்துக் காற்றுப் பட வைத்தால் அழுகல் தொடங்கும். வடிக்கும் நாட்கள் கூடக் கூட வில்லங்கமும் கூடும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் சரி, நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பாகமும் ‘இதை மறுபடி தொட எத்தனை ஆண்டு ஆகும்’ என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். மேலே உள்ளதை ஏணி வைத்து ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

## வழி 1: இருந்தபடியே பழுது பார்ப்பது

மரக்கதவுக்கு மரக்கதவு, சுண்ணாம்புச் சாந்துக்குச் சுண்ணாம்புச் சாந்து, கையால் சுற்றுவது கையாலேயே.

கனடாவின் ரிடோ கால்வாய் 1832இல் திறந்தது. இன்றும் பெரும்பாலான லாக்குகளில் ஊழியர்கள் கையால் சுற்றித்தான் கதவைத் திறக்கிறார்கள். 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு, கட்டிய நாள் முதல் அதே தடத்தில் அது இயங்கிவருவதும் ஒரு காரணம். பிரிட்டனில் ஓக் மரக்கதவுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டு என்று கணக்கு வைத்து, வேக்ஃபீல்டு அருகே ஸ்டான்லி ஃபெரி பட்டறையில் புதிய கதவுகளைச் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

மரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நனைந்ததும் உப்பி மூட்டுகளைத் தானே அடைக்கும். படகு இடித்தால் நசுங்கும், ஆனால் கல்லைப் பெயர்க்காது. நீரில் மிதக்கும் குணம் இருப்பதால் கதவு திரும்பும் அடிக்குடுமியின் மேல் எடை குறைவாக இறங்கும். பழைய வீட்டுக் கதவு குழியில் உட்கார்ந்து திரும்புமே, அதே குடுமிதான். இங்கே அது தண்ணீருக்கடியில் இருக்கிறது, தேய்ந்தால் லாக்கைக் காலி செய்தால்தான் எட்டும்.

மறைந்திருக்கும் செலவு மரத்தின் விலையைவிட அளவில்தான். நீண்ட, கணுவில்லாத, தடித்த உத்தரங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஓக் கிடைக்காதபோது கிரீன்ஹார்ட், எக்கி போன்ற வெப்பமண்டலக் கடினமரங்களுக்குப் போகிறார்கள்; அவை எந்தக் காட்டிலிருந்து, எந்தச் சான்றோடு வந்தன என்பதைக் கேட்டே ஆக வேண்டும். அப்புறம், 25 ஆண்டுக்கு ஒருமுறை கதவு மாற்றம் என்றால் அந்தத் தச்சு வேலை தெரிந்த கை அப்போதும் இருக்க வேண்டும். ஒரு லாக் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கடினம். நூறு லாக் வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் சொந்தப் பட்டறை கட்டுப்படியாகும்.

சுவரில் மட்டும் இந்த வழிக்கு மாற்று இல்லை என்பது என் கட்சி. சுண்ணாம்பில் கட்டிய சுவரின் இணைப்புகளில் சிமெண்டைத் திணித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கும்; சில ஆண்டுகளில் சாந்து நிற்கும், கல் உதிரும்.

## வழி 2: உருவம் பழையது, உள்ளே புதியது

எஃகுக் கதவு, ஹைட்ராலிக் (திரவ அழுத்த) இயக்கம், கேமரா, தேவைப்பட்டால் தொலைவிலிருந்து கட்டுப்பாடு. போக்குவரத்து நிறைய இருக்கும் இடங்களில் பெரும்பாலோர் வந்து நிற்பது இங்கேதான்.

எஃகுக் கதவு ஒழுங்காகப் பூச்சடித்துப் பார்த்துக்கொண்டால் மரத்தைப்போல் இரண்டு மடங்கு காலம் நிற்கும். வலுவும் கூடுதல். மூன்று மீட்டர் நீர்மட்ட வித்தியாசத்தைத் தாங்கும் கதவு, ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் நாலரை டன்னைத் தாங்குகிறது. கீழ்ப்பக்கமும் தண்ணீர் நிற்கும் லாக்கில் இது இன்னும் கூடும். ஆனால் எஃகு விட்டுக்கொடுக்காது. நூறாண்டில் சற்றே சாய்ந்த கல் மூலையில் மரம் தேய்ந்து பொருந்தும். எஃகு இரண்டு புள்ளிகளில் மட்டும் முட்டி அங்கேயே கல்லை உடைக்கும். எனவே கதவின் விளிம்பில் மரமோ ரப்பர் சீலோ பொருத்த வேண்டும். அந்தச் சீலின் ஆயுள் கதவின் ஆயுளைவிட மிகக் குறைவு, அதை மாற்றத் திரும்பவும் தண்ணீர்க் கணக்கு. குடுமியின் மேல் எடையும் ஏறுகிறது. குறைக்க வேண்டுமானால் கதவுக்குள் காற்றறை வைக்க வேண்டும்.

மின்னணுப் பகுதி இன்னும் சீக்கிரம் கிழடாகிறது. 1890இன் பல்சக்கரம் உடைந்தால் அச்செடுத்து வார்த்துவிடலாம். இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உதிரிபாகம் தேடிப் பாருங்கள், தெரியும்! மோட்டார், மின்பெட்டி எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதற்கு ஓர் அறை கட்டினால் பழைய தோற்றம் கெடும். எண்ணெய் கசிந்தால் நேரே கால்வாயில் என்பதால் மண்ணில் சிதையும் வகை எண்ணெய் வேண்டும்.

தொலைவிலிருந்து இயக்குவதில் ஆள் செலவு குறைகிறது என்ற வாதம் எப்போதும் முன்னே வரும். 2015இல் நெதர்லாந்தின் சாண்டாம் நகரில் தொலைவிலிருந்து இயக்கிய பாலம் ஒன்று, மேலே ஆள் இருக்கும்போதே திறந்து ஓர் உயிர் போயிற்று. கேமராவுக்குக் குருட்டு இடங்கள் உண்டு. அவற்றை நீக்கும் செலவையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மோட்டார் என்றாலே பாரம்பரியத்துக்கு எதிரி என்பதில்லை. கனடாவின் சூ செயின்ட் மேரி லாக் 1895இல் திறந்த நாளிலிருந்தே மின்சாரத்தில்தான் இயங்கியது. அங்கே மோட்டாரே மரபு.

## வழி 3: புதியதைக் கட்டி, பழையதை ஓய்வில் விடுவது

இதில் இரண்டு வகை. ஒன்று, பக்கத்தில் புதிதாகக் கட்டுவது. பெல்ஜியத்தின் சாந்தர் கால்வாயில் நான்கு பழைய ஹைட்ராலிக் படகுத்தூக்கிகள் 1998இல் உலகப் பாரம்பரியம் ஆயின. 2002இல் ஸ்ட்ரெபி-தியூவில் 73 மீட்டர் ஏற்றும் புதிய தூக்கி வந்ததும் சரக்குப் படகுகள் அங்கே போயின, பழையவை உல்லாசப் படகுகளுக்கு மிஞ்சின. நம் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் பாம்பன். அங்கே லாக் இல்லை, கடல்தான். ஆனாலும் கதை அதேதான். 1914இன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே, 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலேறும் புதிய பாலம் திறந்தது.

இரண்டாவது வகை எனக்குப் பிடித்தது: பழைய லாக்குக்குள்ளேயே சின்ன லாக் கட்டுவது. மேலே சொன்ன சூ செயின்ட் மேரியில் 1987இல் சுவர் பழுதாகி மூடினார்கள். பெரிய கப்பல்கள் ஏற்கெனவே எல்லைக்கு அப்பால் அமெரிக்கப் பக்க லாக்குகளுக்குப் போய்விட்டிருந்தன. எனவே பழைய அறைக்குள் சிறு படகுகளுக்கான லாக்கைக் கட்டி 1998இல் திறந்தார்கள். புதிய சுவர் பழையதற்கு முட்டுக் கொடுக்கிறது, வெளிக்கல் அப்படியே நிற்கிறது.

மறைந்திருக்கும் செலவு: பழையது சும்மா இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடாத இயந்திரம் ஓடும் இயந்திரத்தைவிட வேகமாகக் கெடும், வருமானமும் இல்லை. இரண்டு கட்டமைப்பைப் பராமரிக்கப் பணம் ஒதுக்காதவர்கள், சில ஆண்டுகளில் பழையதை இடிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடுவார்கள்.

## வழி 4: நிலைநிறுத்தி நிறுத்திவைப்பது

சுவரை முட்டுக் கொடுத்து, பாலத்தை மூடிய நிலையில் பூட்டி, மேல்கதவு இருந்த இடத்தில் சிறு தடுப்பணை கட்டித் தண்ணீரை வழியவிடுவது. மலிவு. பணம் வரும் வரை காத்திருக்க நல்ல வழி. ஆனால் இது தற்காலிகம்தான் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். தடுப்பணையைக் கான்கிரீட்டில் ஊற்றாமல், எடுக்கக்கூடிய பலகையாக வைத்தால் வாசல் திறந்தே இருக்கும். பூட்டிய பாலத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருப்பிப் பாருங்கள், இல்லையேல் தாங்கிகள் ஒட்டிக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இருந்தபடியே | உள்ளே புதியது | புதியதைக் கட்டுதல் | நிறுத்திவைத்தல் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | குறைவு |
| மறுபடி வடிக்கும் இடைவெளி | கதவுக்குச் சுமார் 25 ஆண்டு | கதவுக்கு நீளம், சீலுக்குக் குறைவு | புதியதற்கு நீளம் | தள்ளிப்போடப்பட்டது |
| மறைந்த செலவு | பெரிய மரம், தச்சர் | மின்னணு, சீல், வெள்ளப் பாதுகாப்பு | இரட்டைப் பராமரிப்பு | மெதுவான சிதைவு |
| திருப்பி எடுக்க | எளிது | கவனமாகச் செய்தால் முடியும் | பக்கத்தில் என்றால் எளிது. உள்ளே என்றால் கடினம் | தடுப்பணையைப் பொறுத்தது |
| ஏற்ற இடம் | உல்லாசப் படகு, அரிய வேலைப்பாடு | தினசரிப் போக்குவரத்து | படகின் அளவே மாறிவிட்ட இடம் | பணம் இன்னும் வராத இடம் |

## பாலங்கள் தனிக் கதை

லாக்கின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பாலம் இருப்பதற்குக் காரணம் உண்டு: கால்வாய் அங்கேதான் மிகக் குறுகலாக இருக்கும். அதனாலேயே பாலத்தின் உரிமையாளர் வேறொருவராக இருப்பதும் சகஜம். ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாயில் எட்டு லாக்குகள் படிக்கட்டாக அடுக்கிய பானவி அருகே, சாலைக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என இரண்டு சுழல் பாலங்கள். லாக்கை மூடும் தேதியை ரயில்வேயிடம் கேட்காமல் முடிவு செய்ய முடியாது.

தூக்குப் பாலத்தில் உயிர் இருப்பது எதிர் எடையில். நன்றாகச் சமன் செய்த பாலத்தை இரண்டு பேர் கையால் தூக்கிவிடலாம். சமன் கெட்டால் மோட்டாரே திணறும். மேல்தளப் பலகையை மாற்றி மேலே தார் போட்டால், பல அடுக்குப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தால், கைப்பிடியைக் கனமாக்கினால், ஒவ்வொன்றும் சமனை நகர்த்தும். ஆகவே கழற்றும் எதையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பல திட்டங்களில் இது எழுதப்படாமல் போய், கடைசி வாரத்தில் எதிர் எடைப் பெட்டிக்குள் இரும்புக் கட்டிகளைத் திணித்துக்கொண்டிருப்பார்கள்.

சுழல் பாலத்துக்கு எதிரி வெயில். இரும்பு நீண்டு முனை கரையில் முட்டினால் திறக்காது, திறந்தால் மூடாது. வெப்ப அலைகளில் ஆம்ஸ்டர்டாம் பாலங்களின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். புதுப்பிக்கும்போது இடைவெளியை இன்றைய வெப்பத்துக்கு ஏற்ப அளப்பது நல்லது. 1900இன் வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

உலோகம் என்ன என்று சோதிக்காமல் வெல்டிங் கூடாது. தேனிரும்பில் கசடு அடுக்கடுக்காக இருக்கும், வெல்டிங் சரியாகப் பிடிக்காது. வார்ப்பிரும்பு இழுவையில் பட்டென்று உடையும். ரிவெட் அடிக்கும் ஆள் கிடைக்காவிட்டால், குமிழ்த் தலை கொண்ட போல்ட்டுகள் பார்வைக்கு அதேபோல இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, சுரண்டும்போது முழுவதும் மறைப்புக் கட்டுங்கள். இந்த மறைப்புச் செலவு சில சமயம் பெயிண்ட் செலவைவிட அதிகம்.

இயக்கத்தைப் பொறுத்தவரை லண்டன் டவர் பாலம் நல்ல முன்மாதிரி. 1894இன் நீராவி இயந்திரங்கள் 1976 வரை ஓடின. அப்புறம் எண்ணெயும் மின்சாரமும் இயக்க, பழைய இயந்திரங்கள் இடத்திலேயே காட்சிப்பொருளாக இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் மாகெரெ பாலத்தை 1994 வரை கையால்தான் திறந்தார்கள். இன்று அதன் மேல் நடப்பவரும் சைக்கிளும் மட்டும். சுமையைக் குறைத்தால் பழைய பாலத்தைப் பலப்படுத்த வேண்டிய அவசியமே பல நேரம் போய்விடும். கனரக வண்டிக்கு வேறு பாதை காட்ட முடியுமா என்ற கேள்வியைப் பொறியாளரிடம் போவதற்கு முன்பே கேளுங்கள்.

## எந்தக் காலத்துக்குத் திரும்புவது?

வழி 1ஐத் தேர்ந்தவர்களுக்கு இது பிறகு வரும் தலைவலி. இங்கிலாந்தின் ஆண்டர்டன் படகுத்தூக்கி 1875இல் ஹைட்ராலிக்கில் தொடங்கியது. கால்வாய்த் தண்ணீரையே அழுத்தத்துக்குப் பயன்படுத்தியதால் உருளைகள் அரித்தன. 1908இல் மின்சாரத்துக்கு மாற்றி மேலே பெரிய சட்டகம் கட்டினார்கள். 1983இல் மூடியது. 2002இல் திறந்தபோது இயக்கம் மறுபடி ஹைட்ராலிக், ஆனால் இம்முறை எண்ணெய். 1908இன் சட்டகமோ சுமை தாங்காமல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. இரண்டு காலத்தையும் ஒரே இடத்தில் வைத்ததைக் குழப்பம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

## நான் என்றால்

ஒரு நாளைக்கு ஏழெட்டு உல்லாசப் படகும் மேலே சைக்கிளும் போகும் லாக் என்றால்: மரக்கதவு, கை இயக்கம், சுண்ணாம்பு. பாலம் பழையபடி. நீரை வடிக்கும் ஒரு வாய்ப்பில் குடுமி, மூடிய கதவின் அடி முட்டி நிற்கும் அடிவாசல் உத்தரம், ஷட்டர் வழிகள் எல்லாவற்றையும், இன்னும் பத்தாண்டு தாங்கும் என்று தோன்றுபவற்றையும்கூட, மாற்றிவிடுவேன்.

தினமும் சரக்குப் படகு போகும் இடம் என்றால் எஃகுக் கதவும் ஹைட்ராலிக்கும். பழைய பல்சக்கரங்களை இடத்தில் விட்டு, மின்சாரம் போனால் அவற்றாலேயே கையால் திறக்கும்படி இணைத்து வைப்பேன். பாலத்துக்கு ஆள் பார்வையில் இயக்கம். படகுகள் லாக்கைவிடப் பெரிதாகிவிட்டால் மட்டுமே வழி 3.

எதுவானாலும் ஒப்பந்தம் போடும் முன் சுவரில் அந்தத் தடுப்புப் பலகைப் பள்ளங்களை முக்குளிப்பவரை இறக்கி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் நன்றாக இருந்தால் ஒரு செட் பலகையைச் செய்து, எண் போட்டு, லாக்குக்குப் பக்கத்திலேயே கொட்டகையில் அடுக்கி வையுங்கள். எந்தக் கொட்டகை என்பதையும் சாவி யாரிடம் என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.